மூச்சுத்திணறி வருபவரின் முதல் பத்து நிமிடங்கள்: அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் புதியவர்களுக்கு

அவசர சிகிச்சைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவர்கள் கத்துகிறவரிடம்தான் முதலில் ஓடுகிறார்கள். இது இயல்புதான். ஆனால் கத்துகிறவருக்குக் காற்று உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. கட்டிலின் விளிம்பில் இரு கைகளையும் தொடையில் ஊன்றி, குனிந்து, யாரிடமும் எதுவும் கேட்காமல் உட்கார்ந்திருக்கிறாரே, அவரிடம்தான் முதலில் போக வேண்டும். கேட்பதற்கு அவரிடம் மூச்சு இல்லை.

இந்தக் கட்டுரை பயிற்சி மருத்துவர்கள், புதிய செவிலியர்கள், ஆம்புலன்ஸ் பணியாளர்கள் ஆகியோருக்கானது. மருந்தளவுகள் பெரியவர்களுக்குப் பொதுவாகப் பயன்படுபவை. உங்கள் மருத்துவமனையின் நடைமுறையும் பொறுப்பு மருத்துவரின் உத்தரவும் இவற்றுக்கு மேல். இன்னொன்றையும் தொடக்கத்திலேயே மனதில் கொள்ளுங்கள். மூச்சுத்திணறலில் நோயைக் கண்டுபிடித்த பிறகு சிகிச்சையைத் தொடங்குவது என்ற வரிசை கிடையாது. இரண்டும் சேர்ந்தே நடக்கும். பல நேரங்களில் சிகிச்சை அரை அடி முன்னால் போகும்.

முதல் படி: தொடுவதற்கு முன் பாருங்கள்

கட்டிலை நெருங்கும் அந்தச் சில நொடிகளில் கிடைக்கும் தகவலை எந்தக் கருவியும் தராது. எப்படி உட்கார்ந்திருக்கிறார்? படுக்க முடிகிறதா? கழுத்துத் தசைகள் ஒவ்வொரு மூச்சுக்கும் கயிறுபோல் புடைக்கின்றனவா? விலா இடுக்குகளும், காறை எலும்புக்கு மேலுள்ள குழியும் உள்ளிழுக்கின்றனவா? மூக்குத் துளைகள் விடைக்கின்றனவா? நெற்றி வியர்த்திருக்கிறதா? சட்டை இருந்தால் இவற்றில் பாதி தெரியாது. மரியாதையோடு திறந்துவிட்டுப் பாருங்கள்.

பிறகு ஒரு கேள்வி கேளுங்கள்: "என்ன செய்கிறது, சொல்லுங்கள்." பதிலின் உள்ளடக்கத்தைவிட அதன் நீளம் முக்கியம். முழு வாக்கியமாகச் சொன்னால் கொஞ்சம் நேரம் இருக்கிறது. இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு என்றால் நிலை கடுமை. தலையை மட்டும் ஆட்டினால், அல்லது கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டால், அப்போதே உதவிக்குக் குரல் கொடுங்கள். பரிசோதனையை முடித்துவிட்டுக் கூப்பிடலாம் என்று நினைக்காதீர்கள்.

புதியவர்கள் தவறாகப் படிக்கும் அறிகுறி ஒன்று உண்டு. அரை மணி நேரமாகத் துடித்துக்கொண்டிருந்தவர் அமைதியாகிறார், மூச்சின் வேகம் குறைகிறது, கண் சொருகுகிறது. "தூங்கிவிட்டார், தேவலை" என்று உறவினர்கள் சொல்வார்கள். அவர் தேறவில்லை, களைத்துவிட்டார். மூச்சு விடும் தசைகள் சோர்ந்து, ரத்தத்தில் கரியமில வாயு ஏறி, அந்த வாயுவே அவரை மயக்கத்தில் ஆழ்த்துகிறது. உண்மையில் தேறியவர் பேசுவார், தண்ணீர் கேட்பார், வீட்டுக்கு எப்போது போகலாம் என்று கேட்பார். வேகம் குறைந்திருக்கும்போது அவரைத் தட்டி எழுப்பிப் பெயரைக் கேளுங்கள். தெளிவாகச் சொல்லிவிட்டால் நிம்மதி. குழறினால் அடுத்த சில நிமிடங்களில் மூச்சு நின்றுவிடக்கூடும் என்று கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: மூச்சை எண்ணுங்கள்

நோயாளிக் குறிப்பேடுகளில் எல்லோருக்கும் மூச்சு எண்ணிக்கை 18 அல்லது 20 என்று எழுதப்பட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எண்ணாமல் எழுதியவை அவை. பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இயல்பு. 25-ஐத் தாண்டினால் கவலை, 30-ஐத் தாண்டினால் ஆபத்து, 8-க்குக் கீழே போனாலும் ஆபத்து. நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணை நெஞ்சில் வைத்து எண்ணுங்கள். எண்ணுவது தெரிந்தால் அவர் மூச்சை மாற்றிவிடுவார். சீராக இருந்தால் 30 நொடி போதும், இல்லாவிட்டால் முழு நிமிடம்.

மெதுவான மூச்சோடு கருவிழிப் பாவை ஊசிமுனைபோல் சுருங்கியிருந்தால் அபின் வகை மருந்தை நினையுங்கள். அதற்கு நாலாக்சோன் என்ற முறிமருந்து இருக்கிறது; ஆனால் அதைத் தேடும் நேரத்தில் ஆம்பு பையால் (மாஸ்க் பொருத்திக் கையால் அழுத்திக் காற்று செலுத்தும் பை) மூச்சு கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

மூன்றாம் படி: உட்கார வையுங்கள், ஆக்சிஜன் கொடுங்கள்

நினைவோடு இருப்பவரை நிமிர்த்தி உட்கார வையுங்கள். இதற்கு மருந்தும் வேண்டாம், உத்தரவும் வேண்டாம். நுரையீரலில் நீர் கோத்தவரை இசிஜி எடுப்பதற்காக மல்லாக்கப் படுக்க வைத்து, அவர் நிலை சட்டென்று கெட்டுப்போவதைப் பல பிரிவுகளில் பார்க்கலாம். இசிஜியைச் சாய்ந்து உட்கார்ந்த நிலையிலேயே எடுக்கலாம், கோடுகள் கொஞ்சம் நடுங்கினாலும் பரவாயில்லை. நிறைமாதக் கர்ப்பிணியையும் நிமிர்த்தியே வையுங்கள். படுக்க வைத்தே ஆக வேண்டுமென்றால் இடப்பக்கம் சாய்த்து. நினைவு தப்பியவர் என்றால் வேறு கதை: காற்றுவழியைத் திறந்து வைப்பதுதான் முதல் வேலை.

ஆக்சிஜன் கொடுக்கும் கருவிகளை, அவசரம் இல்லாத ஒரு மதிய நேரத்தில் கையில் எடுத்துப் பழகிக்கொள்ளுங்கள். மூக்குக்குழாய் நிமிடத்துக்கு 1 முதல் 6 லிட்டர் வரை. சாதாரண மாஸ்க் 5 முதல் 10 லிட்டர். 5-க்குக் கீழே வைத்தால் நோயாளி தான் விட்ட மூச்சையே திரும்ப இழுப்பார். பை வைத்த மாஸ்க் 10 முதல் 15 லிட்டர். இந்தப் பையை முகத்தில் மாட்டுவதற்கு முன்பே, வால்வை விரலால் அழுத்தி, முழுதாக நிரப்ப வேண்டும். ஒவ்வொரு மூச்சுக்கும் பை முற்றாகச் சுருங்கினால் லிட்டர் அளவு போதவில்லை. சுவரில் குழாயைச் செருகிய பிறகு உண்மையிலேயே காற்று வருகிறதா என்று கன்னத்தருகே பிடித்துப் பாருங்கள். இதைச் சொல்வது அசட்டுத்தனமாகத் தோன்றலாம். திறக்காத ஆக்சிஜனோடு மாஸ்க் மாட்டப்பட்ட நோயாளிகள் உலகமெங்கும் இருக்கிறார்கள்.

எவ்வளவு கொடுப்பது? உயிருக்கு ஆபத்தான நிலையில் வந்தால் பை வைத்த மாஸ்க்கில் 15 லிட்டரில் தொடங்குங்கள். நிலை கைக்குள் வந்த பிறகு அளவைக் குறைத்து, ரத்தத்தின் ஆக்சிஜன் செறிவு 94 முதல் 98 சதவீதத்துக்குள் நிற்கும்படி வையுங்கள். பல ஆண்டுகள் புகைபிடித்து நுரையீரல் கெட்டவர்களுக்கு, அதாவது சிஓபிடி நோயாளிகளுக்கு, இலக்கு 88 முதல் 92 தான். அவர்களுக்கு அதிக ஆக்சிஜன் கொடுத்தால் கரியமில வாயு தேங்கி மயங்கிப் போகலாம். அளவு பொறிக்கப்பட்ட வென்ச்சுரி மாஸ்க் இருந்தால் 24 அல்லது 28 சதவீதத்தில் தொடங்கலாம். ஆனால் இந்தப் பாடத்தைக் கேட்டுப் பயந்து, 75 சதவீதத்தில் நீலம் பாரித்துக் கிடப்பவருக்கு ஆக்சிஜன் கொடுக்கத் தயங்குகிற புதியவர்களும் உண்டு. ஆக்சிஜன் குறைவு நிமிடங்களில் கொல்லும். கரியமில வாயு அதைவிட நிதானமாகத்தான் வேலை செய்யும். முதலில் கொடுங்கள், பிறகு குறையுங்கள்.

ஆக்சிமீட்டர் எங்கே ஏமாற்றும்

ரத்தத்தின் ஆக்சிஜன் செறிவைக் காட்ட விரலில் மாட்டும் இந்தக் கருவியின் அடிப்படைத் தத்துவத்தை 1970-களில் ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அவோயாகி உருவாக்கினார். மருத்துவத்துக்குக் கிடைத்த பெரிய வரங்களில் ஒன்று. அதனாலேயே அதைக் கண்மூடி நம்பிவிடுகிறோம்.

கை குளிர்ந்திருந்தாலோ ரத்த அழுத்தம் விழுந்திருந்தாலோ அது தடுமாறும். நகப்பூச்சு, கை நடுக்கம், மருதாணிக் கறை எல்லாம் குழப்பும். கருமையான தோல் உள்ளவர்களிடம் உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டக்கூடும். எல்லைக்கோட்டில் நிற்கும் எண்ணை நம்ப வேண்டாம். திரையில் அலை சீராக ஓடுகிறதா, அது காட்டும் நாடியும் நீங்கள் கையால் பார்த்த நாடியும் ஒத்துப்போகின்றனவா என்று சரிபார்த்த பிறகே எண்ணைப் படியுங்கள்.

மிக மோசமான ஏமாற்று தீப்புகையில் நடக்கிறது. மூடிய அறையில் புகையை மூச்சில் இழுத்தவருக்கு ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு ஏறியிருக்கும். கருவி அதை ஆக்சிஜன் என்றே கணக்கிட்டு 98 என்று காட்டும். எண்ணைப் பார்க்காமல் 15 லிட்டர் கொடுங்கள். மூக்கில் கரி, கருகிய மூக்கு மயிர், கம்மிய குரல் இருந்தால் தொண்டை சில மணி நேரத்தில் வீங்கி அடைத்துவிடக்கூடும். மயக்கவியல் மருத்துவரை அப்போதே அழையுங்கள்.

இன்னொரு குறைபாடு: ஆக்சிஜன் செலுத்திக்கொண்டிருக்கும்போது கருவி காட்டும் நல்ல எண், நோயாளி கரியமில வாயுவை வெளியேற்றுகிறார் என்பதற்குச் சான்று அல்ல. மூச்சு நிற்கப் போகிறவரும் சிறிது நேரம் 97-இல் இருப்பார். உழைப்பை அளக்கிற கருவி உங்கள் கண் மட்டுமே.

நான்காம் படி: காற்றுவழி அடைத்திருக்கிறதா?

ஸ்டெதாஸ்கோப்பை எடுக்கும் முன் வெறும் காதால் கேளுங்கள். குறட்டைபோல் கேட்டால் நாக்கு பின்னால் விழுந்திருக்கிறது: தலையைப் பின்னுக்குச் சாய்த்து முகவாயைத் தூக்குங்கள், கழுத்தில் அடிபட்டிருக்கலாம் என்றால் தாடையை மட்டும் முன்னுக்குத் தள்ளுங்கள். கொழகொழவென்று கேட்டால் வாயில் நீரோ ரத்தமோ வாந்தியோ தேங்கியிருக்கிறது: உறிஞ்சி எடுங்கள். மூச்சை உள்ளே இழுக்கும்போது கீச்சென்று கரடுமுரடான ஒலி வந்தால் குரல்வளைப் பகுதி குறுகியிருக்கிறது. இந்த மூன்றாவது ஒலிதான் அனுபவசாலிகளையும் வேகமாக நடக்க வைக்கும்.

சாப்பிடும்போது திடீரென்று மூச்சு நின்று, தொண்டையைப் பிடித்துக்கொண்டு, இருமவும் முடியாமல் தவிப்பவருக்கு: குனிய வைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை ஓங்கித் தட்டுங்கள். வராவிட்டால் பின்னால் நின்று தொப்புளுக்கு மேலே கையைக் கோத்து, உள்ளும் மேலுமாக ஐந்து முறை அழுத்துங்கள். மாற்றி மாற்றிச் செய்யுங்கள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு வயிற்றை அழுத்தக் கூடாது. ஐந்து முதுகுத் தட்டு, ஐந்து நெஞ்சு அழுத்தம். கர்ப்பிணிக்கும் நெஞ்சில்தான் அழுத்த வேண்டும். நினைவு தப்பினால் இதய இயக்க மீட்பு முறைக்கு (சிபிஆர்) மாறுங்கள். நன்றாக இருமுகிறவரை முதுகில் தட்டாதீர்கள். அவருடைய இருமல் உங்கள் கையைவிடச் சக்தி வாய்ந்தது.

ஒவ்வாமை அதிர்ச்சியும் இங்கேயே வர வேண்டும், ஏனென்றால் அதில் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. ஊசி, உணவு, பூச்சிக்கடி இவற்றுக்குப் பின் சில நிமிடங்களில் மூச்சுத்திணறல், உதடு வீக்கம், தோலில் தடிப்பு, தலைசுற்றல் வந்தால் மருந்து அட்ரினலின். மி.லி.க்கு 1 மி.கி. உள்ள ஆம்ப்யூலிலிருந்து 0.5 மி.லி., தொடையின் முன்-வெளிப்பக்கத் தசையில். குழந்தைகளுக்கு கிலோவுக்கு 0.01 மி.கி. ஐந்து நிமிடத்தில் தேறாவிட்டால் மீண்டும் போடலாம். தோல் தடிப்பு இல்லாமலும் இது வரும் என்பதை மறக்காதீர்கள். ஆன்டிஹிஸ்டமினும் ஸ்டீராய்டும் துணைப் பாத்திரங்கள். அவற்றைப் போட்டுவிட்டு அட்ரினலினுக்குத் தயங்கி நிற்பதுதான் இந்த நோயில் நடக்கும் பெரும் பிழை. மூச்சு முட்டுகிறவர் சாய்ந்து உட்காரலாம். ஆனால் எழுந்து நிற்கவோ நடக்கவோ விடாதீர்கள். இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைந்து நொடியில் சரிந்துவிடுவார்.

ஐந்தாம் படி: நெஞ்சில் காது வையுங்கள்

காற்றுவழி திறந்திருக்கிறது, ஆக்சிஜன் போய்க்கொண்டிருக்கிறது. இப்போது ஸ்டெதாஸ்கோப். பாடநூல்கள் அறுபது காரணங்களைப் பட்டியலிடும். நள்ளிரவில் அந்தப் பட்டியல் நினைவுக்கு வராது. நெஞ்சில் என்ன கேட்கிறது என்பதை வைத்து நான்கு வழிகளாகப் பிரித்துக்கொண்டால் போதும்: விசில் ஒலி, ஈர ஒலி, ஒரு பக்கம் மௌனம், எல்லாம் சுத்தம்.

*விசில் ஒலி.* மூச்சை வெளியே விடும்போது இருபுறமும் விசில் கேட்டால் பெரும்பாலும் ஆஸ்துமா அல்லது சிஓபிடி. சால்புட்டமால் 2.5 முதல் 5 மி.கி., கூடவே இப்ராட்ரோபியம் 0.5 மி.கி., நெபுலைசரில் (மருந்தை நுண்துளிகளாக்கி மூச்சில் தரும் கருவி). ஆஸ்துமாவுக்கு நெபுலைசரை 6 முதல் 8 லிட்டர் ஆக்சிஜனில் ஓட்டுங்கள். சிஓபிடிக்குக் காற்றில் ஓட்டி, மூக்குக்குழாயில் தேவையான ஆக்சிஜனைத் தனியே கொடுங்கள். நெபுலைசர் இல்லையென்றால் ஸ்பேசர் (மருந்தைத் தேக்கித் தரும் குழல்) வைத்த இன்ஹேலரில் 4 முதல் 10 இழுப்பு, முதல் ஒரு மணி நேரத்துக்கு 20 நிமிடத்துக்கு ஒரு முறை. பெரும்பாலானோருக்கு இது நெபுலைசருக்குக் குறைந்ததல்ல. ஸ்டீராய்டைத் தள்ளிப்போடாதீர்கள். பிரெட்னிசலோன் 40 மி.கி. வாய்வழி, விழுங்க முடியாவிட்டால் ஹைட்ரோகார்ட்டிசோன் 100 மி.கி. சிரை (ரத்தக்குழாய்) வழி. அது வேலை செய்ய மணிக்கணக்கில் ஆகும் என்பதாலேயே முன்கூட்டித் தர வேண்டும். கடும் ஆஸ்துமா அடங்காவிட்டால் மெக்னீசியம் சல்பேட் 2 கிராம், 20 நிமிடம் எடுத்துக்கொண்டு.

விசில் கேட்பது கெட்டது, கேட்காமல் போவது அதைவிடக் கெட்டது. ஒலி எழுப்பவும் காற்று ஓட வேண்டும். கடும் ஆஸ்துமாவில் நெஞ்சு மௌனமாகிவிட்டால் காற்றே நகரவில்லை என்று பொருள். அதேபோல் ரத்த வாயுப் பரிசோதனையில் கரியமில வாயு 'இயல்பு' என்று வந்தால் மகிழாதீர்கள். வேகமாக மூச்சு விடுகிறவருக்கு அது குறைந்திருக்க வேண்டும். இயல்பாக இருக்கிறது என்றால் அவர் தோற்கத் தொடங்கிவிட்டார். சிஓபிடி நோயாளிக்கு மருந்துகளுக்குப் பிறகும் பி.எச். 7.35-க்குக் கீழேயும் கரியமில வாயு 45 மி.மீ. பாதரச அளவுக்கு மேலேயும் நின்றால், மாஸ்க் வழி அழுத்தக் காற்று தரும் இயந்திரத்துக்கு ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள்.

முதியவர் ஒருவர், இதுவரை ஆஸ்துமா என்ற பேச்சே இல்லாதவர், முதல் முறையாக விசில் ஒலியோடு வந்தால் ஆஸ்துமா என்று எழுதிவிடாதீர்கள். இதயம் பலவீனப்பட்டு நுரையீரலில் நீர் கோக்கும்போதும் விசில் கேட்கும்.

*ஈர ஒலி.* இரண்டு நுரையீரல்களின் அடிப்பகுதியிலும் மூச்சை இழுக்கும்போது நறநறவென்று கேட்கிறது. நோயாளி படுக்க முடியாமல் தவிக்கிறார், இரவில் மூச்சு முட்டி எழுந்ததாகச் சொல்கிறார், வியர்த்துக் கொட்டுகிறது, சில நேரம் இளஞ்சிவப்பு நுரையோடு சளி. இது நுரையீரல் நீர்க்கோப்பு. இப்படி வருபவர்களில் பலருக்கு ரத்த அழுத்தம் மிக அதிகமாக இருக்கும், அதைக் குறைப்பதே சிகிச்சையின் மையம். மேல் அழுத்தம் 110-க்கு மேல் இருந்தால் நைட்ரோகிளிசரின் நாக்கடியில். அதற்கு முன் ஆண்மைக் குறைவுக்கான மாத்திரை எதுவும் அண்மையில் போட்டாரா என்று கேட்டாக வேண்டும், உறவினரை வெளியே அனுப்பிவிட்டுக் கேளுங்கள். ஃபுரோசமைடு 40 மி.கி. சிரை வழி. அழுத்தக் காற்று மாஸ்க் கிடைத்தால் சீக்கிரம் மாட்டுங்கள். சரியான ஆளுக்குச் சரியான நேரத்தில் போட்டால் கால் மணி நேரத்தில் முகம் மாறுவதைப் பார்க்கலாம். கால்களைக் கீழே தொங்கவிட்டு உட்கார்வதும் கொஞ்சம் உதவும். இசிஜியைப் பத்து நிமிடத்துக்குள் எடுங்கள்: நீர்க்கோப்புக்குப் பின்னால் மாரடைப்பு ஒளிந்திருக்கலாம்.

ஈர ஒலி ஒரு பக்கம் மட்டும், கூடவே காய்ச்சல், நிறம் மாறிய சளி, சில நாள் கதை என்றால் நிமோனியா. ஆன்டிபயாடிக்கைத் தாமதிக்காதீர்கள்; ரத்த அழுத்தத்தையும் மனத்தெளிவையும் பாருங்கள். முதியவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமல் குழப்பம் மட்டும் வருவதுண்டு.

*ஒரு பக்கம் மௌனம்.* விரலால் தட்டிப் பாருங்கள். மந்தமாகக் கேட்டால் நீர் தேங்கியிருக்கிறது. அதற்குப் பெரும்பாலும் அவகாசம் உண்டு. வெற்றுப் பானைபோல் அதிர்ந்தால் நுரையீரலுக்கு வெளியே காற்று புகுந்திருக்கிறது. அதோடு ரத்த அழுத்தமும் விழுந்து, கழுத்துச் சிரைகள் புடைத்து, நிலை வேகமாகக் கெடுகிறது என்றால் அது அழுத்தம் ஏறிய காற்றுமார்பு. எக்ஸ்-ரேவுக்கு அனுப்பக் கூடாது. காறை எலும்பின் நடுக்கோட்டில் இரண்டாம் விலா இடைவெளியிலோ, அக்குளின் நடுக்கோட்டுக்குச் சற்று முன்னால் நான்காம் அல்லது ஐந்தாம் இடைவெளியிலோ பயிற்சி பெற்றவர் ஊசி செலுத்திக் காற்றை வெளியேற்ற வேண்டும். பருமனானவர்களுக்குப் பின்னது எளிது. மூச்சுக்குழல் ஒரு பக்கம் தள்ளப்பட்டிருப்பதைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள், அது கடைசியில் வரும் அறிகுறி.

*எல்லாம் சுத்தம்.* இருபுறமும் காற்று நன்றாகப் போகிறது, வேற்றொலி இல்லை, ஆனாலும் மனிதர் மூச்சு வாங்குகிறார். புதியவர் நிம்மதி அடைகிற இடம் இது. அனுபவசாலி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு யோசிக்கிற இடமும் இதுதான்.

ஆக்சிஜன் குறைவாக இருந்து நெஞ்சும் சுத்தமாக இருந்தால் நுரையீரல் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி அடைத்திருப்பதை நினையுங்கள். அண்மை அறுவை சிகிச்சை, எலும்பு முறிவு, நெடுநாள் படுக்கை, புற்றுநோய், கர்ப்பம், கருத்தடை மாத்திரை, ஒரு கால் மட்டும் வீக்கம், இவற்றை ஒவ்வொன்றாகக் கேளுங்கள். இசிஜியில் பெரும்பாலும் வேகமான நாடி தவிர வேறொன்றும் தெரியாது.

ஆக்சிஜன் 99-இல் இருந்து, மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் ஓய்வின்றியும் இருந்தால் நுரையீரலை விட்டுவிட்டு ரத்தத்தைப் பாருங்கள். உடலில் அமிலம் ஏறியிருக்கிறது. அதை வெளியேற்றத்தான் நுரையீரல் இப்படி உழைக்கிறது. நீரிழிவு நோயாளிகளின் இந்த மூச்சை ஜெர்மன் மருத்துவர் அடால்ஃப் குஸ்மால் 1874-இல் விவரித்தார், இன்றும் அவர் பெயரால்தான் அழைக்கிறோம். விரலில் குத்திச் சர்க்கரை பார்க்க ஒரு நிமிடம் ஆகாது. மூச்சுத்திணறலோடு வரும் எல்லோருக்கும் பாருங்கள். சிறுநீரகச் செயலிழப்பு, சீழ்ப்பிடிப்பு, ஆஸ்பிரின் அதிகம் விழுங்கியது ஆகியவையும் இதே முகத்தோடு வரும். கண்ணிமையைக் கீழே இழுத்து வெளிறியிருக்கிறதா என்றும் பாருங்கள்: ரத்தக்கசிவு உள்ளவரும் மூச்சு வாங்குவார். நீரிழிவு உள்ளவர்கள், முதியவர்கள், பெண்கள் ஆகியோருக்கு மாரடைப்பு நெஞ்சுவலியே இல்லாமல் மூச்சுத்திணறலாக மட்டும் வரக்கூடும்.

இந்த நான்கிலும் அடங்காத ஒருவர் இருக்கிறார். நரம்போ தசையோ செயலிழந்தவர். பாம்புக்கடி, கிலான்-பாரே நோய், மயஸ்தீனியா போன்றவை. இவருக்குக் கழுத்துத் தசை புடைக்காது, விலா இடுக்கு உள்வாங்காது. திணறுவதற்கே வலு இல்லை. இமை தொங்கும், குரல் மெலியும், தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியாது. ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்லுங்கள். 20 வரை போக முடியாவிட்டால் தீவிர சிகிச்சைப் பிரிவை அழையுங்கள். சற்று நேரம் கழித்து மறுபடி எண்ணச் சொல்லி ஒப்பிடுங்கள்.

கேள்விகளை எப்படிக் கேட்பது

பேசினால் அவருக்கு மூச்சு செலவாகிறது. "ஆம், இல்லை" என்று தலையசைத்துச் சொல்லக்கூடிய கேள்விகளாகக் கேளுங்கள், நீண்ட கதையை உடன் வந்தவரிடம் வாங்குங்கள். எப்போது தொடங்கியது என்பதே பாதி விடை. நொடியில் தொடங்கியது என்றால் தொண்டையில் சிக்கிய பொருள், காற்றுமார்பு, ரத்தக்கட்டி. நிமிடங்களிலிருந்து மணிக்கணக்கு என்றால் ஒவ்வாமை, ஆஸ்துமா, நீர்க்கோப்பு. நாட்கணக்கு என்றால் நிமோனியா, நெஞ்சில் நீர், ரத்தசோகை. என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதைவிட எந்த மாத்திரையை நிறுத்தினார் என்று கேட்பது அதிகம் பயன்தரும். முன்பு செயற்கை மூச்சு வைக்கப்பட்டதுண்டா என்றும் கேளுங்கள். வைத்ததுண்டு என்று சொல்லும் ஆஸ்துமா நோயாளியை இலகுவாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

"பதற்றம்தான்" என்று சொல்வதற்கு முன்

மனப்பதற்றத்தால் மூச்சு வாங்குவது உண்மை. விரல் மரத்துப்போகும், கை முறுக்கிக்கொள்ளும், அவருக்கு அது நடிப்பே அல்ல. ஆனால் இது எல்லாவற்றையும் பார்த்து முடித்த பிறகு வைக்க வேண்டிய பெயர். சர்க்கரை, இசிஜி, ஆக்சிஜன் அளவு, எண்ணிய மூச்சு, கேட்ட நெஞ்சு எல்லாம் இயல்பாக இருந்து, ஆபத்துக் காரணிகளும் இல்லையென்றால் மட்டுமே. நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்த இளம்பெண்ணுக்கும் பதற்றம் இருக்கத்தான் செய்யும். காகிதப் பைக்குள் மூச்சு விடச் சொல்லும் பழைய வழக்கத்தை விட்டுவிடுங்கள். காரணம் வேறாக இருந்தால் அது உயிரைக் கேட்கும்.

குழந்தை என்றால்

குழந்தையை அழவைக்காமல் இருப்பதே சிகிச்சை. தாயின் மடியிலேயே இருக்கட்டும், ஆக்சிஜன் குழாயைத் தாய் முகத்தருகே பிடிக்கட்டும். இரண்டு மாதத்துக்குக் கீழே நிமிடத்துக்கு 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40, இவற்றை எட்டினால் வேக மூச்சு. முனகல், ஒவ்வொரு மூச்சுக்கும் தலை ஆடுவது, பால் குடிக்காமை ஆகியவை ஆபத்து அறிகுறிகள். காய்ச்சலோடு எச்சில் வடிய, கீச்சொலியோடு முன்னால் குனிந்து உட்கார்ந்திருக்கும் குழந்தையின் வாய்க்குள் கரண்டி விட்டுப் பார்க்காதீர்கள். தொண்டை முழுதாக அடைத்துக்கொள்ளலாம். வேகமாக அடித்த இதயம் மெதுவாக அடிக்கத் தொடங்கினால் உடனே ஆம்பு பையை எடுங்கள்.

களைத்துவிட்டால்

மூச்சு போதவில்லை என்று கண்டால் ஆம்பு பை. பெரியவருக்கு ஆறு நொடிக்கு ஒரு முறை, நெஞ்சு எழும் அளவுக்கு மட்டும். பதற்றத்தில் எல்லோரும் வேகமாகவும் பலமாகவும் அழுத்துகிறார்கள். காற்று வயிற்றுக்குள் போய் வாந்தி வரும். ஒரு கையால் மாஸ்க்கை இறுக்கமாகப் பிடிக்க முடியவில்லை என்றால் கூச்சப்படாதீர்கள்: ஒருவர் இரு கையாலும் பிடிக்க, மற்றவர் அழுத்தட்டும். ஆஸ்துமா நோயாளிக்கு இன்னும் மெதுவாக, மூச்சு முழுதும் வெளியேற நேரம் விட்டு. இல்லாவிட்டால் உள்ளே காற்று தேங்கி ரத்த அழுத்தம் விழும்.

மேலே அழைப்பதும் இடம் மாற்றுவதும்

தொலைபேசியில் கதையாகத் தொடங்காதீர்கள். கேட்பவர் முதல் வாக்கியத்திலேயே எழுந்து வர வேண்டும். "டாக்டர், மூன்றாம் படுக்கைக்கு உடனே வர வேண்டும். அறுபது வயது ஆண், ஒரு சொல்லுக்கு மேல் பேச முடியவில்லை. மூச்சு 36, பதினைந்து லிட்டரில் செறிவு 88, அழுத்தம் 200-க்கு 110, இருபுறமும் ஈர ஒலி. நைட்ரோகிளிசரின் கொடுத்தாயிற்று, அழுத்தக் காற்று மாஸ்க் தயார் செய்கிறோம்." இவ்வளவு போதும்.

ஸ்கேனுக்கோ தீவிர சிகிச்சைப் பிரிவுக்கோ நகர்த்தும் முன் சிலிண்டரில் எவ்வளவு இருக்கிறது என்று கணக்கிடுங்கள். 15 லிட்டர் வீதம் 20 நிமிடத்துக்கு 300 லிட்டர் வேண்டும். லிஃப்ட் தாமதமாகும் என்று வைத்து இரு மடங்கு எடுத்துக்கொள்ளுங்கள். ஆம்பு பையும் உறிஞ்சும் கருவியும் கட்டிலோடு போகட்டும். படுக்க முடியாத நோயாளியை ஸ்கேன் மேசையில் படுக்க வைக்க முடியுமா என்பதைக் கிளம்பும் முன்பே படுக்கையைச் சற்றுத் தாழ்த்திப் பார்த்துக்கொள்ளுங்கள். முடியவில்லை என்றால் படத்தைத் தள்ளிவையுங்கள்; எக்ஸ்-ரே கருவியைக் கட்டிலுக்கே கொண்டுவரச் சொல்லலாம்.

ஒவ்வொரு மருந்துக்குப் பிறகும் திரும்பி வந்து மூச்சை எண்ணி, பேச வைத்து, நெஞ்சைக் கேட்டு, நேரத்தோடு எழுதிவையுங்கள். பணி மாறும்போது அடுத்தவரிடம் இப்போதைய எண்ணை மட்டும் சொன்னால் போதாது. அரை மணி நேரத்துக்கு முன் எத்தனை சொல் பேசினார், இப்போது எத்தனை சொல் பேசுகிறார் என்பதையும் சொல்லிவிட்டுப் போங்கள்.